அங்கன என்றொரு ஊர்

புனித அன்னம்மாள் முதியோர் இல்லம்,
கெர்லான், பிரான்ஸ்.
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அமிர்தராஜ் அண்ணனுக்கு,

உன் தங்கை அனிதா மேரி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அம்மா இறந்ததிலிருந்து இரண்டரை வருடமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். மதினியின் பழைய நம்பரும் இப்போது யாருக்கோ போகிறது. கடிதத்தைத் தடுக்கும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் சண்டையை இதில் கொண்டுவரவில்லை. இது வேறொருவர் காரியம்.

எங்கள் இல்லத்தில் பதினான்காம் அறையில் ரெனே கெர்மார்க் என்று ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்தொன்று. மலை, ஆறு, நிலம் இவற்றை வரையும் ஓவியர். இந்தப் பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். மே மாதம் அவர் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் நாள் காப்பித் தட்டோடு உள்ளே போனவள், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணா, அது நம் மலை. கோம்பைக்கு மேலே இருக்கிற அந்த முகடு, அந்த வெட்டு, எல்லாம் அப்படியே. கீழே பிரெஞ்சு எழுத்தில் தலைப்பு: "அங்கன – 4".

மியூசியம் போட்ட புத்தகத்தில், "அங்கன என்பது தென்னிந்தியாவில் ஒரு சிற்றூர். இன்று வரைபடத்தில் இல்லை. அணை கட்டியதில் மூழ்கியிருக்கலாம்" என்று போட்டிருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மலையைக் காட்டிப் பெயர் என்ன என்று கேட்டிருப்பார். நம் ஆள் எவரோ, அங்கேயா என்ற அர்த்தத்தில், "அங்கனயா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். இவர் அதையே ஊர்ப் பெயராக எழுதிக்கொண்டுவிட்டார்!

கிழவர் சிரிக்கவில்லை. பிறகு தமிழில், "நீ... கோம்பை?" என்றார். ராயப்பன்பட்டி, கோம்பைக்குப் பக்கம்தான் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். "சுருளியாண்டி. வண்டிக்காரர். இருக்கிறாரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அவருக்கு இதயம் பலவீனம். கிறிஸ்துமஸ் வரை இருந்தால் பெரிது என்கிறார் டாக்டர். சுருளியாண்டி இருந்தால் எழுபத்தேழு வயது இருக்கும். காளை வண்டி வைத்திருந்தவர். கோம்பையில் விசாரித்து எழுது அண்ணா. எனக்கு அங்கே உன்னைத் தவிர யாரும் இல்லை.

அனிதா

—

ராயப்பன்பட்டி,
10 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் அனிதா மேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பதாக எழுதவில்லை என்றாலும், நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றவள் பெட்டிக்குள் கிடந்தபோது வராத அவசரம் யாரோ ஒரு துரைக்காக வந்திருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். சண்டையைக் கொண்டுவரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. தாங்கள் கொண்டுவரவில்லை என்றால் நான் கொண்டுவருகிறேன்.

2022 மார்ச் 9. அம்மா போன சேதியைச் சொல்லக் கூப்பிட்டேன். தாங்கள் அழுதீர்கள். லைன் விட்டு விட்டுக் கேட்டது. கடைசியில் தெளிவாக ஒன்று சொன்னீர்கள்: "சரிண்ணே, வர்றேன்." என் காதால் கேட்டேன். தங்கச்சி பிரான்சிலிருந்து வருகிறாள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். தேனியிலிருந்து பிரீசர் பெட்டி வரவழைத்தேன். இரண்டு நாள். பங்குச் சாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். "வந்துக்கிட்டிருக்கு சாமி" என்றேன். மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பினேன், அது வெறுமனே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் வெயில் ஏறியபிறகு அடக்கம் செய்தோம். "ஏப்பா, தங்கச்சி எந்தக் கண்டத்தைத் தாண்டுது?" என்று ஒருத்தன் கல்லறையிலேயே கேட்டான். நான் அவனை அடிக்காமல் வந்ததற்கு ஆண்டவர்தான் சாட்சி.

எனவே வண்டிக்காரரைத் தேட எனக்கு நேரமில்லை. பந்தலில் திராட்சை பழுக்கிற சமயம். மழை ஒன்று விழுந்தால் வெடித்துப்போகும்.

இப்படிக்கு,
அ. அமிர்தராஜ்

பி.கு.: சுருளியாண்டி என்று கோம்பையில் நின்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பான். அப்பா பெயர், தெரு ஏதாவது துரைக்கு ஞாபகம் இருக்கிறதா?

—

கெர்லான்,
24 செப்டம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்து, பிறகு உட்கார்ந்து படித்தேன். நீங்கள், தாங்கள் என்று எழுதியதுதான் அதிகம் வலித்தது.

இரண்டரை வருடமாக எனக்குத் தெரியாது அண்ணா. நான் வராததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். நான் வருவதாகச் சொன்னேன் என்று நீ நினைத்தது இன்றுதான் தெரியும். அந்த வாரம் என் பாஸ்போர்ட் இங்கே தங்கும் அனுமதி புதுப்பிக்க அரசு ஆபீசில் கிடந்தது. வர வழியில்லை என்று போனில் மூன்று தடவை சொன்னேன். லைனில் அது உனக்கு விழவில்லை போலிருக்கிறது. கடைசியில், பேச்சை முடிக்கிறபோது, நாம் வாசலில் நின்று சொல்வோமே, "சரி, வர்றேன்" என்று, அதைச் சொல்லிவிட்டு வைத்தேன். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று அம்மாதானே நமக்கு வாயில் அடித்துப் பழக்கினாள். அது விடை அண்ணா. வருகை இல்லை.

நீ கார் அனுப்பினாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை. கிழவர் கதைக்குப் போகிறேன்.

அவர் பிறந்தது இங்கிருந்து இருபது கிலோமீட்டரில், கடலோரத்தில். அப்பா படகுக்குத் தார் பூசுகிறவர். அந்தத் தார்ப் பிரஷ்ஷால் பக்கத்து வீட்டுக் கதவில் படம் போட்டு உதை வாங்கியதுதான் அவர் முதல் ஓவியம். பாரிசில் படித்தார். சந்தை, படகுத்துறை என்று வரைந்தார். அப்போது அவர் படங்களில் ஆள்கள் நிறைந்து கிடப்பார்கள். ஒன்றும் விற்கவில்லை. 1976இல் நம் பக்கம் வந்து, கோம்பையில் ஓர் அரிசி மில்லின் மாடியில் பதினான்கு மாதம் தங்கியிருக்கிறார். சுருளியாண்டிதான் தினமும் வண்டி கட்டி அவரையும் படச் சட்டங்களையும் ஏற்றிப் போவாராம். ஊரில் இவருக்குப் பெயர் படக்காரத் துரை. (சுருளியாண்டியின் அப்பா பெயர் அவருக்குத் தெரியாது. வண்டிக் காளைகள் இரண்டும் வெள்ளை என்பது மட்டும் தெரியும்.)

1977 நவம்பர். மலையடிவாரத்தில் ஓர் ஓடை, மணல் மட்டும்தான், தண்ணீர் இல்லை. இவர் அக்கரை மேட்டில் நின்று வரைகிறார். வண்டியும் காளையும் மணலுக்கு நடுவே நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. சுருளியாண்டி வண்டியை மணலில் இறக்கி நிறுத்தினார். மலைமேல் கறுத்தது. வண்டிக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு நகரப் பார்த்தார். இவருக்கு இன்னும் கால் மணி நேரம் வேண்டும். அங்கேயே நில் என்று சொல்ல நினைத்து, "இங்கன! இங்கன!" என்று கத்தியதாகச் சொல்கிறார். இங்கே தூறல் விழுந்தது. படம் நனையாமல் இருக்கத் தார்ப்பாயைத் தலையோடு மூடிக்கொண்டு வரைந்திருக்கிறார். இரைச்சல் கேட்டுத் தார்ப்பாயை விலக்கினால், மணல் இல்லை. கரைக்குக் கரை செந்தண்ணீர். வண்டி இல்லை. ஆள் இல்லை.

"மேலே ஒரு பாலம் இருந்தது. திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. மலையேறிக் கேரளத்துப் பக்கம் ஓடிவிட்டேன். கொச்சியில் விமானம் ஏறினேன்" என்றார். சட்டைக்குள் அந்த ஈரப்படம் ஒன்று மட்டும் இருந்ததாம்.

1981இல் "அங்கன" வரிசையைக் கண்காட்சிக்கு வைத்தார். ஒரே நாளில் பெயர். அதன்பின் நாற்பது வருடம் இந்த நாட்டு ஆறு, சதுப்பு, கல்குவாரி எல்லாவற்றையும் வரைந்தார். எதிலும் ஒரு மனிதன் கிடையாது. வெறுமையின் ஓவியர் என்று தலையணை கனத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். நான் அவரிடம் கேட்டேன். "வெறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓர் ஆளைப் போட வேண்டுமென்றால் அவனை எங்கே நிற்கச் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டுமே. கை வராது" என்றார்.

ஒரு கொலைகாரனாகச் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் அண்ணா. நிசமாகவே அப்படித்தானா என்று எனக்கும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அனிதா

—

ராயப்பன்பட்டி,
14 அக்டோபர் 2024

அனிதாவுக்கு,

உன் கடிதத்தை இவாஞ்சலினிடம் படிக்கக் கொடுத்தேன். உன் மதினி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அது போனை வச்சிருறதுக்குச் சொன்ன வர்றேன் மாதிரிதான் இருந்துச்சுன்னு சொன்னேன். நீங்கதான் வாயை மூடுன்னீக" என்றாள். சொன்னாள்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைப் பத்து வருடம் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆனாலும் கோபம் ஒரே நாளில் இறங்கிவிடாது. இரண்டரை வருடம் வளர்த்திருக்கிறேன்.

நேற்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோம்பைக்குப் போனேன். நாலு சுருளியாண்டிகளைப் பார்த்தேன். ஒருவர் தபால்காரர், ஒருவர் நாய் வளர்க்கிறவர், ஒருவருக்கு வயது முப்பது, ஒருவர் என்னையே ஏதோ வசூலுக்கு வந்தவன் என்று விரட்டிவிட்டார். அரிசி மில் இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். எதிரே டீக்கடை ஈஸ்வரபாண்டியிடம் கேட்டேன். நம் வயதுக்காரர்தான்.

"வண்டிக்காரச் சுருளியாண்டியா? அவரு ஓடை வெள்ளத்துல போயிட்டாருண்ணே. எங்கய்யா சொல்லுவாக. வண்டி அச்சு மட்டும் ரெண்டு மைலுக்குக் கீழ கெடந்துச்சாம்" என்றார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இன்று முழுக்க யோசித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. உன்னிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை, அதனால் எழுதிவிட்டேன். அந்த மனிதரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு. என்னைக் கேட்டால், சாகப்போகிறவரிடம் ஒரு பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு கிடைக்கும்.

இங்கே வானம் மூடியே கிடக்கிறது. பழத்தைப் பறிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அமிர்தராஜ்

—

கெர்லான்,
29 அக்டோபர் 2024

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

சொல்ல நினைக்கவில்லை. பொய்தான் சொல்வது என்று முடிவுசெய்து, கண்ணாடி முன் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் அவர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். தபால் வண்டி வந்ததையும், நான் இந்திய ஸ்டாம்பு ஒட்டிய கவரோடு தோட்டத்தில் நின்றதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். உள்ளே போனதும், "போய்விட்டாரா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது வருடம் ஓவியம் வரைந்த கண் அண்ணா, என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

முப்பது இல்லை, அறுபது வருடம். எண்கூடச் சரியாக எழுத வரவில்லை.

இன்றோடு இரண்டு வேளை ஆகிறது, அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கால் வீக்கம் ஏறியிருக்கிறது. மருந்தை ஊசியில் ஏற்றுகிறோம். டாக்டர், "என்ன நடந்தது?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். பார், அவரிடம் வராத பொய் டாக்டரிடம் வந்துவிட்டது.

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். உன் பதில் வர இன்னொரு பன்னிரண்டு நாள். நீ என்ன எழுதினாலும் படித்துக் காட்ட ஆள் இருப்பாரா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்த டீக்கடைக்காரர் நேரில் பார்த்தவர் இல்லையே. அவர் அப்பா சொன்னது வேறு சுருளியாண்டியாக இருக்கக் கூடாதா? தெருவில் பாதிப் பேர் என்று நீதானே எழுதினாய்? இன்னொரு தடவை போ அண்ணா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அனிதா

—

ராயப்பன்பட்டி,
3 நவம்பர் 2024

அன்புள்ள அனிதா,

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படி. ஆள் இருக்கிறார்.

நேற்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு வெள்ளை அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் பெரிய சிலுவை இருக்கிறதே, அதன் அடியில் ஒரு பெரியவர் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்து ஒற்றை மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வருடா வருடம் வருவார். மெழுகுவர்த்தி விற்க வருகிறவர் என்று நினைத்துவிட்டேன். நேற்று என்னவோ கேட்கத் தோன்றியது.

"யாருக்குய்யா ஏத்துறீக?"

"எங்க படக்காரத் தொரைக்குப்பா. ஓடை வெள்ளத்துல போயிட்டாக. ஒடம்பு கெடைக்கல. வேதக்காரகளாச்சே, அதான் இங்கன வந்து ஏத்திட்டுப் போறேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் கிழவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். நம்பவில்லை. கெட்ட விளையாட்டு விளையாடாதே என்று கோபப்பட்டார். உன் கடிதத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னபிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வெள்ளத்தில் போனவர் இன்னொரு சுருளியாண்டி, சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல் ஏற்றியவர், அதற்கு இரண்டு வருடம் கழித்து. இவர் இப்போது மகள் வீட்டோடு மார்க்கையன்கோட்டையில் இருக்கிறார். கோம்பையில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மழை வரப்போகுதுன்னு நான் வண்டியத் திருப்பப் பாத்தேன். தொர அக்கரையில நின்னுக்கிட்டு, இங்கன, இங்கனன்னு கத்துனாக. சரி, கூப்புடுறாகன்னு மணல விட்டு ஏறி மேலப் பாலம் வழியாச் சுத்திக்கிட்டுப் போனேன். பாதித் தூரத்துல பின்னால தண்ணி இரையுது. அங்கன போய்ப் பாத்தா குடை மட்டும் கெடக்கு. தொரையக் காணோம். கூப்புட்ட ஒடனே நேரா நடந்து போயிருந்தா கையப் புடிச்சு மேட்டுல ஏத்தியிருப்பேன். வண்டியவும் மாட்டையும் பாத்துக்கிட்டுச் சுத்திப் போனேன் பாரு, அதுலதான் போச்சு."

புரிகிறதா? உன் கிழவர் அங்கேயே நில் என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்தது இங்கே வா. தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருந்தால் சுருளியாண்டி அன்றைக்கே போயிருப்பார். தெரியாத வார்த்தை காப்பாற்றியிருக்கிறது. அது தெரியாமல் இரண்டு பேரும் நாற்பத்தேழு வருடம் ஒருவரை ஒருவர் கொன்றுவிட்டதாக நினைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடனே போன் செய்ய எடுத்தேன். உன் பெயர் வரை போனேன். வைத்துவிட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதரிடம் நீ ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய், பொய்தான் சொல்லியிருப்பாய், கடிதம் போனால் போதும் என்று இருக்கிறேன்.

அமிர்தராஜ்

—

கெர்லான்,
12 நவம்பர் 2024

அண்ணா,

சனிக்கிழமை நான் மருந்து அறையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன். போனில் "அண்ணன்" என்று பெயர் வந்தது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு. என் கடிதம் அன்று காலையில்தான் உனக்குக் கிடைத்தது என்று பிறகு மதினி சொன்னார்கள். நீ அனுப்பிய மூன்றாம் தேதிக் கடிதம் இன்னும் எனக்கு வரவில்லை.

நீ என்னிடம் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "தொரைகிட்டக் குடு. ஓடு" என்றாய். ஓடினேன்.

நீ எதிர்முனையில் இருந்ததால் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அவர் பதினொரு நாளாக ஊசியில்தான் இருந்தார். கண்ணைத் திறக்க வைப்பதே பாடாக இருந்தது. திரையில் திருநீறு பூசிய ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது. "தொரே! நான் சுருளியாண்டி! இங்கன இருக்கேன் தொரே, இங்கன!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கிழவி மணியை அடித்துவிட்டாள்.

கிழவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை அண்ணா. பிரெஞ்சில் மெதுவாக, "நல்ல மனசு உங்களுக்கு சிஸ்டர். யாரையோ பிடித்துப் பேசவைத்திருக்கிறீர்கள்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. உண்மை வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது? சத்தியம் செய்தாலும் அதுவும் ஆறுதலுக்கு என்பார்.

அப்போதுதான் அங்கிருந்து சுருளியாண்டி, "தொரே, அந்தப் பச்சைக் குடைய நாந்தான் எடுத்துக்கிட்டேன். ஒடஞ்ச கம்பியில வாழநாரு சுத்திக் குடுத்தேனே, அந்தக் குடை. களவு இல்ல தொரே. நீக போயிட்டீகன்னு நெனச்சு அவரக்காக் காட்டுக் காவலுக்கு வச்சுக்கிட்டேன்" என்றார். குடையைப் பற்றிக் கிழவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "வாழநாரு" என்று அவரே சொன்னார். பிறகு, "காளை?" என்றார்.

"ரெண்டும் நல்லாருந்துச்சு தொரே! கெழடாகித்தான் செத்துச்சு!"

கிழவர் சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை. அழவும் இல்லை. கையை நீட்டித் திரையில் அந்த நெற்றியைத் தொட்டார். அன்று சாயங்காலம் நாலு ஸ்பூன் சூப் குடித்தார்.

நேற்றுக் காலையில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்மேலேயே. "ஒரு கடிதம். கோம்பை, சுருளியாண்டி என்று ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். பதில் வந்துவிடுமே என்று பயந்து எழுதவில்லை. நாற்பத்தேழு வருடம்!" என்று மெத்தையில் குத்தினார். நானும் உனக்கு அந்தப் பயத்தில்தானே இரண்டரை வருடம் எழுதவில்லை.

இன்று பெயின்ட் பெட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கை நடுக்கம் நிற்கவில்லை. என்ன செய்கிறார் என்று பார்க்க விடமாட்டேன் என்கிறார்.

அனிதா

—

ராயப்பன்பட்டி,
27 நவம்பர் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

இவாஞ்சலின், "இனிமே போன்ல பேசவேண்டியதுதான, இன்னும் என்ன கடுதாசி?" என்கிறாள். போனில் ஒன்று சொன்னால் காதில் வேறொன்று விழுகிறது. எழுதியது எழுதினபடி இருக்கும்.

சுருளியாண்டி ஐயா இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தொரை சாப்பிட்டாரா, தொரை தூங்கினாரா என்று என்னை வைத்து விசாரணை நடக்கிறது. குடைக் கூட்டைக் கொண்டுவந்து காட்டினார். துணி போய்விட்டது, கம்பி இருக்கிறது, அந்த ஒரு கம்பியில் நார் சுற்றிய தடம்கூட இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். பார்சலில் அனுப்பினால் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார். கல்லறையில் இவ்வளவு காலம் ஏற்றிய மெழுகுவர்த்தி பலிக்குமா, உயிரோடு இருக்கிறவருக்கு ஏற்றியது தோஷம் ஆகுமா என்று அது ஒரு கவலை. சாமியாரைக் கேட்டேன். வீண்போகாது என்றார்.

திராட்சையில் பாதி வெடித்துப்போனது. மீதியைப் பறித்துவிட்டோம். போகட்டும்.

அம்மா கல்லறையில் உன் பங்குக்கு ஒரு பிடி மண் போடாமல் வைத்திருக்கிறேன். கோபத்தில் அல்ல, ஊர் போட்டு முடித்தபிறகும் என் கை அதை விடவில்லை. ஒரு துணியில் முடிந்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தது இதைத்தான், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு.

வா. ஆனால் ஒன்று. கடிதத்தின் கடைசியில் "வர்றேன்" என்று எழுதாதே. அந்த வார்த்தையை நம்பி இன்னொரு தடவை கார் அனுப்ப என்னால் முடியாது. தேதி எழுது.

உன் அண்ணன்,
அமிர்தராஜ்

—

கெர்லான்,
16 டிசம்பர் 2024

அண்ணா,

ரெனே கெர்மார்க் இந்த மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை பிற்பகலில், சூப் குடித்துவிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. பயம் இல்லாத முகம். சுருளியாண்டி ஐயாவிடம் நீயே பக்கத்தில் உட்கார்ந்து சொல். இனி அவர் ஏற்றும் மெழுகுவர்த்திக்கு ஒரு கல்லறை இருக்கிறது என்று சொல்.

பெயின்ட் பெட்டி கேட்டது எதற்கு என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. சட்டைக்குள் மறைத்து மலை தாண்டிக் கொண்டுவந்த அந்த ஈரப்படத்தைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். வெறும் மணல், பின்னால் நம் மலை. அதில் வண்டியும் இரண்டு வெள்ளைக் காளையும் ஓர் ஆளும் போட்டிருக்கிறார். கோடு எல்லாம் நடுங்கியிருக்கிறது. ஒரு காளைக்குக் கால் மூன்றுதான் வந்திருக்கிறது. ஆனால் வண்டியை மணலில் நிறுத்தவில்லை அண்ணா. மணலைக் கடந்து, மேட்டில் ஏறி, அவர் நின்று வரைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. பின்பக்கம் தமிழில் எழுத என்னிடம் நவம்பரில் ஐந்து எழுத்து கேட்டு வாங்கினார், எதற்கென்று சொல்லவில்லை. கோணல் மாணலாக "இங்கன" என்று எழுதி, கீழே சுருளியாண்டிக்கு என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறார். அங்கன என்று எழுத வாங்கிய ஓர் எழுத்து மிச்சம் இருந்திருக்கிறது, அதை ஓரத்தில் சும்மா எழுதிவைத்திருக்கிறார். "அ".

மியூசியம் கேட்டது. கடைசியில் அவர் எழுதிய உயில்படி இது சுருளியாண்டி ஐயாவுக்குப் போகிறது, நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். மடத்து மதர் அனுமதி கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது. குடையை அனுப்ப வேண்டாம், ஐயாவையே வைத்துக்கொள்ளச் சொல். மண் முடிச்சைப் பிரிக்காதே.

ஜனவரி 18, சனிக்கிழமை. மதுரை ஏர்போர்ட். பிற்பகல் 2.35.

அனிதா